போனில் வரும் ஏஐ ஆலோசனை: எதை நம்பலாம், எதை நாமே பார்க்க வேண்டும்?

பயிரில் புதிதாக ஒரு புள்ளி விழுந்தால் என்ன செய்வோம்? பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவோம். இலையைக் கிள்ளி உரக்கடைக்குக் கொண்டு போவோம். உதவி வேளாண்மை அலுவலருக்குப் போன் போடுவோம். இப்போது நான்காவதாக ஒரு வழியும் வந்திருக்கிறது. இலையைப் போனில் படம் எடுத்தால், என்ன நோய், என்ன மருந்து என்று அரை நிமிடத்தில் செயலி சொல்லிவிடுகிறது. தமிழில் பேசிக் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லும் செயலிகளும் இருக்கின்றன.

இந்தப் பதில்களைத் தருவது செயற்கை நுண்ணறிவு எனப்படும் ஏஐ. இதைப் பற்றி ஊரில் இரண்டு விதமான பேச்சு உண்டு. 'இனி அதிகாரியும் வேண்டாம், கடைக்காரரும் வேண்டாம், எல்லாம் போனே சொல்லிவிடும்' என்பது ஒன்று. 'வயலில் கால் வைக்காத மெஷினுக்கு விவசாயம் பற்றி என்ன தெரியும்' என்பது இன்னொன்று. இரண்டையும் அப்படியே ஏற்க முடியாது. ஏஐக்கு நன்றாக வரும் வேலை எது, வராத வேலை எது என்பது ஓரளவு சோதித்து அறியப்பட்டிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு வேலையைப் பிரித்துக்கொண்டால் லாபம் நமக்கு. தெரியாமல் நம்பினால் நஷ்டமும் நமக்கே. தவறான மருந்துக்குச் செலவழித்த பணத்தை எந்தச் செயலியும் திருப்பித் தராது.

கேட்டால் சொல்வதும் தானே செய்வதும்

ஏஐ என்ற ஒரே பெயரில் மூன்று விதமான வேலைகள் நடக்கின்றன. இவற்றைப் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

முதலாவது, கேட்டால் பதில் சொல்வது. மத்திய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய 'கிசான் இ-மித்ரா' இந்த வகை. பி.எம். கிசான் தவணை வந்ததா, ஏன் வரவில்லை போன்ற கேள்விகளுக்குப் பதில் தருகிறது. தொடக்கத்திலேயே தமிழும் அதில் இருந்தது. படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் 'பிளான்டிக்ஸ்' போன்ற செயலிகளும் இந்த வகையே. 2024 ஆகஸ்டில் தொடங்கிய தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பும் விவசாயிகள் அனுப்பும் படங்களை ஏஐ மூலம் ஆராய்கிறது. 61 பயிர்களுக்கு இது பயன்படும் என்று அரசு அறிவித்தது.

இரண்டாவது, வேலைக்கு ஆயத்தம் செய்து தருவது. மனு எழுதித் தருவது, உரக் கணக்குப் போட்டுத் தருவது, பல சந்தைகளின் விலையை எடுத்து ஒப்பிட்டுத் தருவது போன்றவை. கடைசிக் கையெழுத்து நம்முடையது.

மூன்றாவது, தானே செய்வது. மண் ஈரத்தைக் கருவி மூலம் அளந்து, மழை வருமா என்று பார்த்து, மோட்டாரைத் தானே போட்டு நிறுத்துவது இந்த வகை. இப்படி ஒரு குறிக்கோளைச் சொன்னால் பல படிகளைத் தானே செய்து முடிக்கும் ஏஐயை 'ஏஜென்ட்' என்கிறார்கள். நமக்குப் பழக்கமான செல்போன் ஸ்டார்ட்டர், நாம் சொன்னால் மோட்டாரைப் போடும். ஏஜென்ட், எப்போது போடுவது என்பதையும் தானே முடிவு செய்யும். வித்தியாசம் அதுதான்.

முதல் வகையில் தவறு நடந்தால் கண்டுபிடிக்க நமக்கு நேரம் இருக்கிறது. மூன்றாவது வகையில் தவறு நடந்த பிறகே தெரியவரும். ஆகவே எச்சரிக்கையும் படிப்படியாகக் கூட வேண்டும்.

ஓர் இலையும் ஆறு இலையும்

சேலம், நாமக்கல் பகுதி மரவள்ளி விவசாயிகளுக்குத் தேமல் நோயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆப்பிரிக்காவில் மரவள்ளி முக்கிய உணவு. அங்கும் தேமல் நோயும், பழுப்புக் கீற்று நோயும் பெரும் சேதம் செய்கின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான 'பிளான்ட்விலேஜ் நுரு' என்ற செயலி, இந்த நோய்களை இலையைப் பார்த்தே அடையாளம் காணும்படி பழக்கப்பட்டது. நுரு என்றால் சுவாஹிலி மொழியில் வெளிச்சம் என்று பொருள். இணையத் தொடர்பு இல்லாத இடத்திலும் இது வேலை செய்யும்.

இந்தச் செயலியையும் விவசாயிகளையும் விரிவாக்கப் பணியாளர்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு 2020ல் வெளியானது. விவசாயிகள் 18 முதல் 31 சதவீதம் வரை சரியாகச் சொன்னார்கள். விரிவாக்கப் பணியாளர்கள் 40 முதல் 58 சதவீதம் வரை. செயலி ஓர் இலையை மட்டும் பார்த்தபோது 65 சதவீதம் சரியாகச் சொன்னது. அதாவது மற்ற இருவரையும்விட மேல். ஆனாலும் மூன்றில் ஒரு முறை தவறு.

அதே செயலிக்கு ஒரு செடியில் ஆறு இலைகளைக் காட்டியபோது, சரியாகச் சொல்வது 74 முதல் 88 சதவீதமாக உயர்ந்தது. செயலி மாறவில்லை, அதைப் பயன்படுத்திய விதம் மாறியது. நோய் ஒரு செடியின் எல்லா இலைகளிலும் ஒரே மாதிரி தெரிவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எந்த இலைகளைக் காட்டுவது என்பதை வயலில் நிற்பவர்தான் தேர்வு செய்கிறார்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் எளிது. ஒரு படம் எடுத்து, ஒரு பதில் வாங்கி, கடைக்குப் போகாதீர்கள். அடி இலை, நடு இலை, குருத்து என்று பிரித்து எடுங்கள். நான்கைந்து செடிகளில் எடுங்கள். பதில்கள் ஒன்றாக இருந்தால் நம்பிக்கை கூடும். படத்துக்கு ஒரு பெயர் சொன்னால், செயலி குழம்புகிறது என்று அர்த்தம். அப்போது மனிதரைக் கூப்பிட வேண்டும்.

99 சதவீதம் 31 ஆனது எப்படி?

'எங்கள் செயலி 99 சதவீதம் சரியாகச் சொல்லும்' என்று விளம்பரம் வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தப் படத்தை வைத்துச் சோதித்தீர்கள்?

2016ல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 14 பயிர்கள், 26 நோய்கள் பற்றிய 54,306 இலைப் படங்களைக் கொண்டு ஏஐ பழக்கப்பட்டது. அதே தொகுப்பிலிருந்து எடுத்து வைத்திருந்த படங்களில் சோதித்தபோது 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது. வேறு சூழலில் எடுக்கப்பட்ட படங்களைக் காட்டியதும் 31 சதவீதம் அளவுக்கு விழுந்துவிட்டது. இதை ஆய்வாளர்களே வெளிப்படையாக எழுதினார்கள்.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. பழக்கப்பட்ட படங்களில் ஓர் இலையைப் பறித்து, ஒரே நிறப் பின்னணியில் வைத்து, சீரான வெளிச்சத்தில் எடுத்திருந்தார்கள். நம் வயலில் இலைமேல் நிழல் விழும், மண் ஒட்டியிருக்கும், பக்கத்து இலை மறைக்கும், உச்சி வெயிலில் நிறம் வெளுத்துத் தெரியும். அதற்குப் பிறகு வந்த செயலிகள் வயல் படங்களையும் சேர்த்துப் பழக்கப்படுவதால் நிலைமை முன்னேறியிருக்கிறது. ஆனாலும் அடிப்படை மாறவில்லை. ஏஐ எதைப் பார்த்துப் பழகியதோ அதில் கெட்டி. பார்க்காததில் தடுமாறும். தடுமாறும்போதும் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லாமல், தெரிந்த பெயர்களில் ஒன்றைச் சொல்லிவிடும்.

படத்தில் தெரியாதவை

நெல்லில் இலை மஞ்சளாவதையே எடுத்துக்கொள்வோம். தழைச்சத்துக் குறைவா, துத்தநாகக் குறைவா, இரும்புச்சத்துக் குறைவா, துங்ரோ நோயா, தண்ணீர் வடியாமல் நிற்பதா? இலைப் படம் ஒன்றை வைத்து இதைப் பிரிப்பது அனுபவசாலிக்கே கடினம். ஆனால் வயலில் நிற்பவருக்கு வேறு தடயங்கள் இருக்கின்றன.

மஞ்சள் முதலில் வந்தது அடி இலையிலா, குருத்திலா? வயல் முழுக்கச் சீராக இருக்கிறதா, திட்டுத் திட்டாக இருக்கிறதா, வரப்போரம் மட்டுமா? நட்டு எத்தனை நாள்? கடைசியாக என்ன உரம் போட்டீர்கள்? தட்டினால் பச்சைத் தத்துப்பூச்சி பறக்கிறதா? இவற்றில் எதுவும் படத்தில் இல்லை. நீங்கள் சொன்னால்தான் ஏஐக்குத் தெரியும்.

பாக்டீரியா இலைக்கருகல் நோயில் தவறு நடந்தால் விலை அதிகம். இலை ஓரம் மஞ்சளாகிக் காய்ந்து வருவதைச் சத்துக்குறைவு என்று நினைத்து யூரியா போட்டால் நோய் இன்னும் வேகமாகப் பரவும். இதைச் சரிபார்க்க ஒரு டம்ளர் தண்ணீர் போதும். பாதித்த இலையைக் குறுக்கே வெட்டி, தெளிந்த தண்ணீரில் வெட்டுமுனை மூழ்கும்படி வைத்தால், சில நிமிடங்களில் வெட்டிய இடத்திலிருந்து பால்போலக் கலங்கல் வடியும். வடிந்தால் பாக்டீரியா என்று முடிவு செய்யலாம். எந்தச் செயலியும் இதை உங்களுக்குப் பதிலாகச் செய்ய முடியாது. ஆனால் 'இதை எப்படி உறுதி செய்வது?' என்று கேட்டால், செய்முறையை அது சொல்லித்தரலாம். ஏஐயிடம் நோயின் பெயரைக் கேட்பதைவிட, உறுதி செய்யும் வழியைக் கேட்பது அதிகப் பயன் தரும்.

புகையானும் அப்படித்தான். வட்ட வட்டமாகத் தீய்ந்த இலையைப் படம் எடுத்து அனுப்பினால் ஏதேதோ நோய்ப் பெயர் வரலாம். பூச்சி இருப்பது இலையில் அல்ல, தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. குனிந்து தூரை விலக்கிப் பார்த்தவருக்கே தெரியும். களை எடுக்க இறங்கும் பெண்கள் இதை முதலில் கவனித்துச் சொல்வதுண்டு. அவர்கள் சொன்னதையும் கேள்வியில் சேருங்கள்.

அளவில் கவனம்

ஏஐ தரும் பதிலில் அதிகம் சரிபார்க்க வேண்டியது எண்கள். நோயின் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டு அளவில் கோட்டைவிடுவது உண்டு.

நெல்லுக்குத் துத்தநாக சல்பேட் பரிந்துரை ஹெக்டேருக்கு 25 கிலோ, அதாவது ஏக்கருக்கு 10 கிலோ. ஹெக்டேர் கணக்கை ஏக்கர் என்று எடுத்துக்கொண்டால் இரண்டரை மடங்கு போட்டுவிடுவோம். உரத்தில் பணம்தான் போகும். பூச்சிமருந்தில் இந்தத் தவறு நடந்தால் பயிர் கருகும், ஆளுக்கும் ஆபத்து. லிட்டருக்கு எத்தனை மில்லி, டேங்குக்கு எத்தனை மில்லி, ஏக்கருக்கு எத்தனை மில்லி என்ற மூன்றும் பதிலில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் டேங்க் 10 லிட்டரா 16 லிட்டரா என்பது அதற்குத் தெரியாது.

நில அளவும் அப்படியே. டெல்டாவில் ஒரு மா என்றால் 100 குழி, சுமார் 33 சென்ட். 20 மா ஒரு வேலி. வேறு பகுதிகளில் குழிக்குக் கணக்கு வேறு. 'மூன்று மா வயலுக்கு எவ்வளவு?' என்று கேட்டால் ஏஐ எந்தக் கணக்கை எடுக்கும் என்று சொல்ல முடியாது. சென்ட் அல்லது ஏக்கராக மாற்றியே கேளுங்கள்.

பொறியை எண்ணும் வேலை

ஏஐயும் மனிதரும் வேலையை நன்றாகப் பிரித்துக்கொண்டதற்குப் பருத்தியில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு காய்க்குள் புகுந்துவிட்டால் மருந்து எட்டாது. அதனால் அந்துப்பூச்சி நடமாட்டத்தை இனக்கவர்ச்சிப் பொறி வைத்துக் கணக்கிடுகிறோம். ஒரு பொறியில் ஓர் இரவுக்கு 8 அந்துப்பூச்சிகள் வீதம் தொடர்ந்து மூன்று நாள் விழுந்தால், பொருளாதாரச் சேதநிலையைத் தொட்டுவிட்டது என்பது பரிந்துரை.

பரிந்துரை பழையது. கடைப்பிடிப்பதில்தான் சிக்கல். பொறி வைப்போம், எண்ண மறப்போம், எண்ணினாலும் எழுதி வைக்க மாட்டோம். இதற்காக வாத்வானி ஏஐ நிறுவனம் ஒரு செயலியை உருவாக்கியது. பொறியில் விழுந்த பூச்சிகளைத் தாளில் கொட்டிப் படம் எடுத்தால், எத்தனை என்று எண்ணி, மருந்து தேவையா இல்லையா என்று சொல்கிறது. ஊரில் ஒரு முன்னோடி விவசாயி படம் எடுக்கிறார்; ஆலோசனை சுற்றியுள்ள மற்ற விவசாயிகளுக்கும் போகிறது.

இதில் யார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பொறி வைப்பதும், தினமும் போய்ப் பார்ப்பதும் விவசாயி. எண்ணுவதும், வரம்போடு ஒப்பிடுவதும் ஏஐ. வரம்பை வகுத்தது பல ஆண்டு ஆராய்ச்சி. மருந்து அடிக்கலாமா என்ற முடிவு மறுபடியும் விவசாயி. சலிப்பூட்டும் எண்ணும் வேலையை மெஷினுக்குக் கொடுத்துவிட்டார்கள். 'இன்னும் மருந்து தேவையில்லை' என்று சொல்லும் பதிலுக்கும் மதிப்பு உண்டு. அந்த ஒரு தெளிப்பின் செலவு மிச்சம்.

சேர்ந்து செய்தால் எப்போதும் நல்லதா?

ஒருவரைவிட இருவர் பார்ப்பது நல்லது என்பது நம் எண்ணம். மனிதரும் ஏஐயும் சேர்ந்தால் தனித்தனியாகச் செய்வதைவிடச் சிறப்பாகத்தானே இருக்கும்? இதைச் சரிபார்க்க அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் பல துறைகளில் நடந்த 106 சோதனைகளின் முடிவுகளைத் திரட்டிப் பார்த்து, 2024ல் வெளியிட்டார்கள். முடிவு பலருக்கும் வியப்பாக இருந்தது. மனிதர், ஏஐ இரண்டில் எது சிறந்ததோ அதைத் தனியே விட்டதைவிட, இரண்டும் சேர்ந்து செய்தது சராசரியில் குறைவாகவே இருந்தது. குறிப்பாக, இதா அதா என்று முடிவெடுக்கும் வேலைகளில் இப்படி ஆனது.

ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. எந்த வேலையில் மனிதர் ஏற்கெனவே ஏஐயைவிடத் திறமையாக இருந்தாரோ, அங்கே சேர்ந்து செய்தது பலன் தந்தது. எங்கே ஏஐ மேலாக இருந்ததோ, அங்கே மனிதர் சேர்ந்தது முடிவைக் கெடுத்தது. வேலை தெரிந்தவருக்கு எப்போது தன் கணிப்பை நம்புவது, எப்போது மெஷினைக் கேட்பது என்று பிரிக்கத் தெரியும். தெரியாதவர் சரியானதைத் தள்ளிவிட்டுத் தவறானதை ஏற்கவும் கூடும்.

விவசாயத்துக்கு இதன் பொருள் என்ன? பயிரைப் பற்றிய நம் சொந்த அறிவு குறையக் குறைய ஏஐயால் கிடைக்கும் பலனும் குறையும். 'போன் சொல்லிவிடும்' என்று பூச்சியையும் நோயையும் அடையாளம் காணும் பழக்கத்தை விட்டுவிட்டால், போன் தவறாகச் சொல்லும்போது கண்டுபிடிக்க ஆள் இருக்காது. வீட்டுப் பிள்ளைகளிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லும்போது, தூரை விலக்கிப் பார்க்கவும் சொல்லிக்கொடுங்கள்.

ஒரு சிறிய பழக்கம் இதற்கு உதவும். செயலியில் கேட்பதற்கு முன், இது என்னவாக இருக்கும் என்று உங்கள் ஊகத்தை முதலில் சொல்லிவிடுங்கள், அல்லது ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பதிலைப் பாருங்கள். பதிலை முதலில் பார்த்துவிட்டால், 'ஆமாம், நானும் அதுதான் நினைத்தேன்' என்று மனம் சாய்ந்துவிடும். விமானிகள், மருத்துவர்கள் இடையே நடந்த ஆய்வுகளிலும் இந்தச் சாய்வு தெரிந்திருக்கிறது. படித்தவர், பாமரர் என்ற வித்தியாசம் இதற்கு இல்லை.

செய்தி ஏஐ தரும், முடிவு நாம்தான்

2025 காரீப் பருவத்தில் மத்திய வேளாண் அமைச்சகம் 13 மாநிலங்களில் சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்குப் பருவமழை எப்போது தொடங்கும் என்ற முன்னறிவிப்பைக் குறுஞ்செய்தியாக அனுப்பியது. ஏஐ வானிலை மாதிரிகளோடு, இந்திய வானிலைத் துறையிடம் உள்ள 125 ஆண்டு மழைப் பதிவுகளையும் சேர்த்து அது கணிக்கப்பட்டது. பிறகு மத்தியப் பிரதேசத்திலும் பீகாரிலும் தொலைபேசியில் விசாரித்தபோது, 31 முதல் 52 சதவீத விவசாயிகள் அதைப் பார்த்து விதைப்பு முடிவுகளை மாற்றிக்கொண்டதாகச் சொன்னார்கள் என்று அரசு தெரிவித்தது. நிலம் தயாரிப்பதை, விதைக்கும் நாளை, எந்தப் பயிர் என்பதை மாற்றினார்கள்.

மற்றவர்கள் மாற்றவில்லை. அதற்காக அவர்கள் கேட்காதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. கிணறு இருப்பவர், விதை வாங்கி வைத்துவிட்டவர், டிராக்டர் கிடைக்கும் நாளுக்குக் காத்திருப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நிலைமை. நம் டெல்டாவில் குறுவைக்கு மழைச் செய்தி மட்டும் போதாது. ஜூன் 12ல் மேட்டூர் திறக்குமா, முறைப்பாசனத்தில் நம் வாய்க்காலுக்கு எந்த நாள் என்பதும் தெரிய வேண்டும். இந்தக் கணக்கு விவசாயியின் தலையில்தான் இருக்கிறது.

புதுப் பூச்சி வந்தால்

பழகியதை மட்டுமே ஏஐ அறியும் என்பதால், புதிதாக ஒன்று வரும்போது அது கைவிடும். 2016ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது. 2018ல் மக்காச்சோளத்தில் அமெரிக்கப் படைப்புழு வந்தது. 2020ல் கேரளாவில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி பிறகு தமிழகத்திலும் பரவியது. அந்த முதல் நாட்களில் செயலியில் படம் காட்டியிருந்தால், பழைய பூச்சிகளில் ஒன்றின் பெயரைத்தான் சொல்லியிருக்கும்.

'இது வழக்கமானது இல்லை' என்று முதலில் உணர்வது வயலில் இருப்பவர். அவர் சொல்லி, பணியாளர் மாதிரி எடுத்து அனுப்பி, விஞ்ஞானி பெயரை உறுதி செய்து, அதன் பிறகே தீர்வு வரும். மரவள்ளி மாவுப்பூச்சிக்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடுவித்தது அப்படி நடந்ததே. ஆகவே செயலி சொன்ன பெயர் உங்கள் கண்ணுக்கு ஒத்துவரவில்லை என்றால், உங்கள் சந்தேகத்தை அடக்காதீர்கள். வேளாண் அறிவியல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.

திரும்ப எடுக்க முடியாத வேலைகள்

ஏஜென்ட் வகை ஏஐக்கு எந்த வேலையை விடலாம்? இதற்கு ஒரு எளிய அளவுகோல் உண்டு: தவறு நடந்தால் சரிசெய்ய முடியுமா?

மோட்டார் அரை மணி நேரம் அதிகம் ஓடினால் சமாளிக்கலாம். நெல்லில் காய்ச்சலும் பாய்ச்சலும் முறைக்கு, வயலில் பதித்த துளைக் குழாயில் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்ச வேண்டும். இதை அளப்பதும் நினைவூட்டுவதும் கருவிக்கு ஏற்ற வேலை. ஆனாலும் பூக்கும் பருவத்தில் வயல் காயக்கூடாது என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் 2018ல் ஒரு போட்டி நடத்தியது. பசுமைக்குடிலில் வெள்ளரியை ஏஐ அணிகள் தொலைவிலிருந்து வளர்த்தன. வெப்பம், வெளிச்சம், தண்ணீர், உரம் எல்லாம் அவை சொன்னபடி. வென்ற அணி, அனுபவமிக்க விவசாயிகளைவிட அதிக லாபம் காட்டியது. ஆனால் அங்கே நான்கு பக்கமும் கண்ணாடி, எல்லாம் அளவிடும் கருவி. கவாத்தும் பறிப்பும் அங்கேயும் ஆட்களே செய்தார்கள். திறந்த வயலில் காற்றும் மழையும் பக்கத்து வயலின் பூச்சியும் நம் கட்டுப்பாட்டில் இல்லை.

மருந்து தெளிப்பு, விதை வாங்குவது, விளைச்சலை விற்பது, கடன் விண்ணப்பம் ஆகியவை திரும்ப எடுக்க முடியாதவை. இவற்றில் கடைசி முடிவை மெஷினுக்கு விடவே கூடாது. 2017ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தபோது நஞ்சு தாக்கி 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கும் ஏஐக்கும் தொடர்பு இல்லை. ஆனால் மருந்தில் தவறான கலப்பும் தவறான முறையும் உயிரை எடுக்கும் என்பதை மறக்கக் கூடாது. இரண்டு மருந்தைக் கலக்கலாமா என்று ஏஐ சொன்னதை வைத்து மட்டும் கலக்காதீர்கள். மருந்துப் புட்டியின் லேபிளில் உங்கள் பயிரின் பெயர் இருக்கிறதா, அளவு என்ன, தெளித்து எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று படியுங்கள். லேபிளும் ஏஐயும் வேறுபட்டால், லேபிள்தான் சரி.

கேட்கும் முன்பும் பதில் வந்த பின்பும்

* பயிர், ரகம், வயது, மண், பாசனம், கடைசியாகப் போட்ட உரம், மருந்து ஆகியவற்றைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.
* காலையிலோ மாலையிலோ, வெயில் நேராக விழாத நேரத்தில் படம் எடுங்கள். கிட்ட ஒன்று, முழுச் செடி ஒன்று, வயல் முழுவதும் தெரிய ஒன்று.
* உங்கள் ஊகத்தை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.
* 'வேறு என்னவாக இருக்கலாம்? எப்படி உறுதி செய்வது?' என்று கட்டாயம் கேளுங்கள்.
* மருந்து என்று வந்தால் லேபிள், அலுவலர் அல்லது பல்கலைக்கழகப் பரிந்துரை ஆகிய ஏதாவது ஒன்றில் சரிபார்க்காமல் வாங்காதீர்கள்.
* சந்தேகம் இருந்தால் முழு வயலிலும் செய்யாமல், இரண்டு மூன்று சென்ட்டில் செய்து பாருங்கள்.
* ஆதார் எண், வங்கி விவரம், ஓ.டி.பி. எதையும் செயலியிடம் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்புகளை நிறுவாதீர்கள்.
* மனிதரிடமே பேச வேண்டும் என்றால், கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551. காலை 6 முதல் இரவு 10 மணி வரை, தமிழில், கட்டணமில்லாமல்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு

பல கிராமங்களை ஒருவரே பார்க்க வேண்டிய நிலையில், தவணை, மானியம், விலை போன்ற கேள்விகளை ஏஐ எடுத்துக்கொள்வது உங்களுக்கு நிம்மதி. மிச்சமாகும் நேரத்தை வயலுக்குக் கொடுங்கள். விவசாயி 'செயலி இப்படிச் சொன்னது' என்று வந்தால், 'அதையெல்லாம் நம்பாதீர்கள்' என்று தள்ளிவிடாதீர்கள். அடுத்த முறை அவர் உங்களிடம் சொல்லாமலே மருந்து வாங்கிவிடுவார். படத்தைப் பாருங்கள், வயலைப் பாருங்கள், எங்கே சரி, எங்கே தவறு என்று அவர் முன்னால் விளக்குங்கள்.

ஒரு சின்னக் குறிப்பேடு வையுங்கள். தேதி, பயிர், செயலி சொன்னது, வயலில் உறுதியானது என நான்கு பத்திகள் போதும். ஒரு பருவம் முடிந்தால், உங்கள் வட்டாரத்தில் எந்தப் பயிரில் அந்தச் செயலியை நம்பலாம், எதில் நம்பக் கூடாது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். வேறு எங்கோ எடுத்த சதவீதக் கணக்கைவிட இது உங்கள் விவசாயிகளுக்கு உதவும். மாதக் கூட்டத்தில் இதைப் பகிர்ந்தால் மற்ற வட்டாரங்களுக்கும் பயன்.

எண்ணுவதும், நினைவில் வைப்பதும், கணக்குப் போடுவதும் ஏஐயிடம் இருக்கட்டும். குனிந்து பார்ப்பதும், தொட்டுப் பார்ப்பதும், பக்கத்து வயல்காரரைக் கேட்பதும் நம்மிடம் இருக்கட்டும். நஷ்டம் வந்தால் தாங்கப் போவது நாம் என்பதால், முடிவும் நம்மிடமே இருக்க வேண்டும்.